'121 உருப்படி' டூல் கிட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

போன நவம்பரில் சேற்றில் சிக்கிய என் வண்டியை டிராக்டர் இழுத்தபோது, இந்த டூல் கிட்டில் வந்த பெல்ட்டிலிருந்து தெறித்த ஓர் இரும்புக் கொக்கி, எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணனின் மகன் நின்ற இடத்துக்கு மூன்றடி தள்ளி மண்ணில் புதைந்தது. பையனுக்குப் பதினொரு வயது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பணம் போனதெல்லாம் அப்புறம்.

தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் எந்த வண்டியும் போகும். ரோட்டை விட்டுத் தோட்டத்துக்கு இறங்கும் மண்பாதைதான் ஐப்பசி, கார்த்திகை மழையில் நடவுக்கு உழுத வயல் மாதிரி ஆகிவிடும். அதற்காகவே 2016 மாடல் மகிந்திரா தார் (நான்கு வீலும் இழுக்கும் 4x4 ஜீப்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். நல்ல வண்டி. ஆனால் வழியில் நின்றால் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே போனுக்கு சிக்னலும் கிடைக்காது.

மதுரையில் ஓர் ஆக்சஸரீஸ் கடையில் "4x4க்கு வேண்டிய எல்லாமே இதுல இருக்கு சார், இனி நீங்க எதுவும் வாங்க வேண்டாம்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். 121 உருப்படி, 14,500 ரூபாய். பெட்டி பார்க்கப் பளபளவென்று இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் கேபிள் டை 36, ஃபியூஸ் 20, திருப்புளி பிட் 24. ஆக மொத்தம் 80. வண்டியில் கை வைக்க உதவும் சாமான் என்று பார்த்தால் மிச்சம் 41தான். அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் காலை வாரியது பாக்ஸ் ஸ்பேனர். இந்த மாடலில் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை. குண்டும் குழியுமான பாதையில் ஓட ஓட அதைப் பிடித்திருக்கும் யூ போல்ட் நட்டுகள் தளரும், அவ்வப்போது பார்த்து இறுக்க வேண்டும். பெட்டியில் இருந்த பாக்ஸ் எல்லாமே பன்னிரண்டு முனை. துரு ஏறிய ஆறு முனை நட்டில் அது மூலையை மட்டும்தான் பிடிக்கும். ஆறு முனை பாக்ஸ் என்றால் பக்கத்தோடு சேர்த்துக் கவ்வும். ராட்செட் கைப்பிடியில் கொஞ்சம் எடை கொடுத்ததும் நட்டின் மூலைகள் வழுக்கிப் போயின. இன்னொரு தடவை அழுத்தினேன், பாக்ஸ் பக்கவாட்டில் பிளந்துவிட்டது. மேலே 'குரோம் வெனேடியம்' (உறுதியான கலப்பு எஃகு) என்று எழுத்து இருக்கிறது. பிளந்த இடத்தில் பார்த்தால் வெல்லக்கட்டியை உடைத்த மாதிரி பொருபொருவென்று சாம்பல் நிறம். எங்கள் மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வார்ப்படம் தம்பி, அடிச்சுச் செஞ்ச இரும்பு இல்ல" என்றார். அந்த நட்டைக் கடைசியில் கேஸ் வைத்துத்தான் வெட்டி எடுத்தார்.

பேட்டரி ஜம்பர் கேபிளும் அப்படித்தான். வெளியே சுண்டுவிரல் தடிமன். ஒருநாள் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பிலிருந்து கரண்ட் எடுத்து வண்டியைக் கிளப்பப் பார்த்தோம். ஸ்டார்ட்டர் முனகியதோடு சரி, கேபிள் கையில் பிடிக்க முடியாமல் சூடாகிவிட்டது. பிறகு வெட்டிப் பார்த்தேன். உள்ளே தீக்குச்சி அளவுக்குத்தான் கம்பி, மிச்சமெல்லாம் ரப்பர். அந்தக் கம்பியைக் கத்தியால் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது.

இதெல்லாம் போகட்டும். உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது இழுக்கிற பெல்ட்.

அன்றைக்கு நான்கு மூட்டை ஏற்றியிருந்தேன். முன் ஆக்ஸில் வரைக்கும் சேறு. டிராக்டர் வந்தது, பெட்டியிலிருந்த மஞ்சள் பெல்ட்டை மாட்டினோம். அதில் '8 டன்' என்று ஸ்டிக்கர், இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி வைத்துத் தைத்திருந்தது. வெறும் வண்டியே ஒன்றே முக்கால் டன் வரும், சேற்றின் பிடி அதற்கு மேல். டிராக்டர் இரண்டாம் தடவை இழுத்தபோது கொக்கி நிமிர்ந்து, பெல்ட் சுருண்டு பறந்தது. போகிற போக்கில் பானெட்டில் ஒரு கீறல் போட்டுவிட்டு மண்ணில் இறங்கிய கொக்கியைப் பையன்தான் எடுத்து வந்து கையில் கொடுத்தான். அவன் அப்பா எதுவும் பேசவில்லை. பையனைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

வெடுக்கென்று இழுப்பதற்கான நைலான் பெல்ட்டுக்கு முனையில் கொக்கி இருக்கவே கூடாது, பெல்ட்டையே மடித்துத் தைத்த காதுதான் இருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. தாங்கும் எடையைத் தைத்த துணிச் சீட்டில் போட்டிருப்பார்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பாரத்தோடு சேர்த்து வண்டியின் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு தாங்க வேண்டும். பெல்ட்டை வண்டியோடு பூட்டும் இரும்பு வளையம்தான் ஷேக்கிள்; அதில் எடை அளவு இரும்பிலேயே பொறித்திருக்கும். முக்கால் அங்குல ஷேக்கிள் என்றால் 4.75 டன் என்று இருக்கும். எதுவும் பொறிக்காத ஷேக்கிளை எடுக்காதீர்கள். பெல்ட்டின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள்; அறுந்தாலும் வேகம் குறையும். டிராக்டர்காரரையும் நம் டிரைவரையும் தவிர மற்றவர்கள் பெல்ட் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். குழந்தைகள் கண்ணுக்கு எட்டாத தூரம் போகட்டும்.

இப்போது வண்டியில் இருப்பதைப் பெட்டியாக வாங்கவில்லை. மெக்கானிக் அண்ணனோடு அரை நாள் வண்டிக்கு அடியில் படுத்து, எந்த நட்டுக்கு என்ன அளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த அளவுகளை மட்டும் ஹார்டுவேர் கடையில் சில்லறையாக எடுத்தோம். ரிங் ஸ்பேனர், ஆறு முனை பாக்ஸ், நீளக் கைப்பிடி, கட்டிங் பிளேயர் எல்லாம் டபாரியா கம்பெனி. வீல் ஸ்பேனரை வாங்கிய அன்றே நான்கு வீலிலும் போட்டுக் கழற்றிப் பார்த்தேன். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பிளைவுட் பலகை. சேற்றில் அது இல்லாவிட்டால் வண்டி மேலே வராது, ஜாக்கிதான் உள்ளே போகும். பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் மோட்டார், டயர் கேஜ், மல்டிமீட்டர். மோட்டாரை சிகரெட் லைட்டரில் சொருகுவதில்லை, பெரிய டயருக்கு அந்த ஃபியூஸ் தாங்காது. நேராக பேட்டரியில் கிளிப் போடுகிற மாதிரி எடுத்தோம்.

கடைக்குப் போனேன். "வித்த பொருள் திரும்ப எடுக்கறதில்ல சார், பில்லுலயே போட்டிருக்கு" என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் 'ஆக்சஸரீஸ் – 1' என்று மட்டும் இருக்கிறது. பெல்ட் இல்லை, ஷேக்கிள் இல்லை, எத்தனை டன் என்பதும் இல்லை. நீங்கள் வாங்கும்போது ஒவ்வொரு சாமானையும் அளவோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. இது தெரியாமல் நான் அந்த 30 நாளைக் கோட்டை விட்டுவிட்டேன்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அதன்பிறகு கடையிலிருந்து போன் வந்தது, வேறு பெட்டி தருகிறார்களாம். வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. பிளந்த பாக்ஸ், வெட்டிய கேபிள், நிமிர்ந்த கொக்கி மூன்றையும் அதே பெட்டியில் போட்டுப் பில்லோடு கட்டி வைத்திருக்கிறேன். பொங்கல் கழிந்ததும் மனு எழுதப் போகிறேன்.