வாரம் ஒருமுறையா, தினம் ஒரு மாத்திரையா: காசநோய்த் தடுப்பு மருந்தில் எதை எடுப்பது?

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்று சளிப் பரிசோதனையில் உறுதியானால், சிகிச்சை இப்போது அவரோடு நிற்பதில்லை. கூட இருப்பவர்களையும் கூப்பிட்டு, எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று தெரிந்தபின் தடுப்பு மருந்து தருகிறார்கள். முன்பு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும்தான் இது கிடைத்தது. 2021-இல் வந்த தேசிய வழிகாட்டுதல் அதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் விரித்தது.

என் மாமனாருக்கு நோய் தெரிந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 6எச்: ஐசோநியாசிட் மாத்திரை, தினமும், 6 மாதம். மற்றது, 3எச்பி: ஐசோநியாசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்து, வாரம் ஒருமுறை, 3 மாதம். நானும் என் கணவரும் 3எச்பி எடுத்துக்கொண்டோம். அத்தைக்கு 6எச். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் பார்த்தபின் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடை எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு 3எச்பிதான்.

தடுப்பதில் எது கெட்டி என்ற கேள்வியில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. இரண்டுமே வேலை செய்கின்றன. இரண்டுமே அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: தொடங்கியதை முடிப்போமா?

இது சாதாரண நோய்க்கு மருந்து சாப்பிடுவது மாதிரி இல்லை. காய்ச்சல் வந்தவருக்கு உடம்பே மாத்திரையை ஞாபகப்படுத்தும். நமக்கோ இருமல் இல்லை, எடை குறையவில்லை, பசி நன்றாக இருக்கிறது. கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி உறங்கும் தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வெளிப்படும். அதில் பெரும்பகுதி தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்ற எண்ணத்தோடு தினமும் காலையில் ஒரு மாத்திரையை விழுங்க வேண்டும், அதுவும் ஏறக்குறைய 180 முறை. 3எச்பியில் மொத்தமே 12 முறை. ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டால் போதும். எங்களுக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு அந்த வேளையாக அமைந்தது. ஊருக்குப் போகும் வாரங்களில்கூட ஒரே ஒரு வேளையைக் கையில் எடுத்துப் போனால் முடிந்தது. அந்த நாள் தவறினாலும் அடுத்தடுத்த நாட்களில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வேளைகளுக்கு நடுவே 72 மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 2011-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று அமெரிக்கா, கனடா, பிரேசில், ஸ்பெயின் நாடுகளில் ஏழாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்தது. 3எச்பி எடுத்தவர்களில் 82 சதவீதத்தினர் மருந்தை முடித்தார்கள். ஐசோநியாசிட்டை மட்டும் எடுத்தவர்களில் 69 சதவீதம். ஆனால் நேர்மையாக இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஒப்பிட்டது நம் 6 மாத மருந்தை அல்ல, 9 மாத மருந்தை. அதோடு 3எச்பி குழுவினருக்குச் சுகாதாரப் பணியாளர் கண்முன்னே மாத்திரை கொடுத்தார்; மற்றவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அதனால் அந்த 13 சதவீத வித்தியாசம் முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுத முடியாது. 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில் 3எச்பியையே வீட்டில் தாமாக எடுத்தவர்களில் 74 சதவீதம் பேர் முடித்தார்கள். நேரில் பார்த்துக் கொடுத்தபோது 87. வாரம் ஒருமுறை என்றாலும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தை வீட்டில் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுவார்களா என்ற இந்தக் கேள்வியை உலகத்துக்காகக் கேட்டு விடை சொன்ன ஊர் சென்னை. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம் 1956-இல் தொடங்கியது. சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்த நோயாளிகளையும் வீட்டிலிருந்தே மருந்து எடுத்த ஏழை நோயாளிகளையும் ஒப்பிட்டு, பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959-இல் காட்டினார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. இன்று எல்லா நாட்டிலும் காசநோயாளி தன் வீட்டிலேயே இருந்து குணமாகிறார் என்றால் அதற்கு அடித்தளம் இங்கே போடப்பட்டது. எனக்கு இதில் பெருமை உண்டு.

பக்கவிளைவுக்கு வருகிறேன். கல்லீரல் விஷயத்தில் 3எச்பி முந்துகிறது: 2011 ஆய்வில் மருந்தால் கல்லீரல் பாதிப்பு 3எச்பியில் 0.4 சதவீதம், ஐசோநியாசிட்டில் 2.7 சதவீதம். ஆனால் 3எச்பியில் சிலருக்கு மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல், உடம்புவலி, தலைசுற்றல் வரும். பக்கவிளைவால் மருந்தை அடியோடு நிறுத்தியவர்கள் 3எச்பியில்தான் சற்று அதிகம்: 4.9 சதவீதம், ஐசோநியாசிட்டில் 3.7. எங்கள் இருவருக்கும் அன்று சாயங்காலம் கொஞ்சம் அசதி இருந்ததோடு சரி. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முன்கூட்டியே தெரிந்தால் பயம் இல்லை. காண்டாக்ட் லென்ஸில் கறை பிடிக்கும். இரண்டு மருந்திலும் ஐசோநியாசிட் இருப்பதால் மது ஆகாது. சூரை மீன் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து படபடப்பு வரும், அந்த மாதங்களில் அதைத் தவிர்ப்பது நல்லது. கை கால் மதமதப்பு வராமலிருக்க வைட்டமின் பி6 மாத்திரையும் கூடவே தருவார்கள்.

அத்தைக்கு ஏன் 6எச்? இதய வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ரிஃபாபென்டின் கல்லீரலைத் தூண்டி வார்ஃபரினைச் சீக்கிரம் கரைத்துவிடும். ரத்தம் உறைய ஆரம்பித்தால் வால்வுக்கு ஆபத்து. கருத்தடை மாத்திரையும் இதே காரணத்தால் பலிக்காமல் போகும். எச்ஐவிக்கான சில மருந்துகளும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 3எச்பி கிடையாது. இவர்களுக்கெல்லாம் 6எச் நல்ல மருந்து. அத்தை அதைச் சிரமமில்லாமல் முடித்தார், ஏனென்றால் காலை மாத்திரை அவருக்கு ஏற்கெனவே பழக்கம். அந்த வரிசையில் இன்னொன்று சேர்ந்தது. ஐசோநியாசிட்டும் வார்ஃபரினோடு உரசக்கூடியது என்பதால் ரத்தப் பரிசோதனையை மட்டும் அடிக்கடி செய்தோம். தினசரி மருந்து ஏற்கெனவே சாப்பிடுகிற பெரியவர்களுக்கு 6எச் அவ்வளவு பாரமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவம் எங்கள் வீட்டில் இல்லை. அவர்களுக்கு எடைக்குத் தகுந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டு நோயாளியின் கிருமி ஐசோநியாசிட்டுக்கே மசியாத வகை என்றால் இந்த ஒப்பீடு அங்கே பொருந்தாது. பல மருந்துக்கு மசியாத காசநோய் உள்ள வீட்டாருக்கு லெவோஃப்ளாக்சசின் 6 மாதம் என்று 2024-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. அதனால் முதல் மாத்திரைக்கு முன்பே நோயாளியின் மருந்து எதிர்ப்புப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

எதை எடுத்தாலும், நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடை குறைவோ தெரிந்தால், கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே சளி கொடுத்துப் பாருங்கள். முழு நோய்க்கு ஆரம்பத்தில் நான்கு மருந்து தேவை. ஒன்றிரண்டு மருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தால் பிழைத்த கிருமி அந்த மருந்துகளுக்கு அடங்காததாக மாறிவிடும். சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற, அரசின் காசநோய்த் திட்டத்தின் நிக்‌ஷய் இலவச எண் இருக்கிறது.