கம்ஃபர்ட்டரா, டூவேயா?

கடையில் இந்த இரண்டு பஞ்சுப் போர்வைகளையும் மடித்து வைத்தால் ஒரே மாதிரிதான் தெரியும், குழப்பமே அங்கேதான். மேல்துணி, பஞ்சு, அடித்துணி எல்லாம் சேர்த்துத் தைத்த ஒரே உருப்படி கம்ஃபர்ட்டர். டூவே என்றால் வெள்ளையாக ஒரு பஞ்சுப் போர்வை, அதற்குத் தலையணை உறை மாதிரி கழற்றி மாட்டும் உறை.

செலவு: கம்ஃபர்ட்டர் வாங்கினால் முடிந்தது. டூவேக்கு உறை தனிக்காசு, மாற்றிப்போட இன்னொன்றும் வேண்டும்.

துவைப்பது: பெரிய வித்தியாசம் இதில்தான். கம்ஃபர்ட்டரை முழுசாகத் துவைக்கணும், சின்ன மெஷினில் திணித்தால் சோப்பு சரியாக அலசாது, வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் தையல் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தால் ஈரம் தெரியும், அப்படியே மடித்தால் நாற்றம்தான். டூவேயில் உறையை மட்டும் உருவி பெட்ஷீட்டோடு போட்டுவிடலாம்.

விரிப்பது: கம்ஃபர்ட்டர் சுலபம். டூவே உறை மாட்டுவது பெரும்பாடு. உறையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அதற்குள் கைவிட்டு போர்வையின் இரு முனைகளைப் பிடித்து உதறினால் பாதி வேலை ஆகிவிடும். அப்புறம், உறையின் மூலைகளில் நாடா இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் போர்வை உள்ளே சுருண்டு காலடிக்குப் போய்விடும்.

கதகதப்பு: பல டூவேகளில் டாக் (tog) எண் இருக்கும், எவ்வளவு கதகதப்பு என்பதன் அளவு அது, எண் கூடக்கூட கதகதப்பும் கூடும். 4.5 வெயில் காலத்துக்கு, 13.5 கடுங்குளிருக்கு.

குழந்தை, நாய், பூனை படுக்கையில் ஏறும் வீட்டுக்கு யோசிக்காமல் டூவே. எப்போதாவது பயன்படும் அறைக்கு கம்ஃபர்ட்டர் போதும், அடியில் மெல்லிய போர்வை ஒன்று சேர்த்துக்கொண்டால் அடிக்கடி துவைக்கவும் வேண்டாம்.