ஏஜென்ட் கையில் வரைபடக் கருவி: மூன்று வாரம் பயன்படுத்திய பிறகு

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் பிராசஸிங் (தரவைச் செயலாக்கும்) கருவிகளை ஏஐ ஏஜென்ட் தானே இயக்க உதவும் ஓர் இணைப்பு மென்பொருளை மூன்று வாரமாகப் பயன்படுத்துகிறேன். நிறுவுவது சுலபம்.

முதல் வேலையாக, ஆற்றுக் கோடுகளைச் சுற்றி 500 மீட்டருக்கு பஃபர், அதாவது சுற்று எல்லைப் பரப்பு, போடச் சொன்னேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தால், உலக வரைபடத்தையே ஒரு பாலிகன் (பலகோணம்) மூடியிருந்தது! கோப்பு இபிஎஸ்ஜி 4326 என்ற, அட்சரேகை-தீர்க்கரேகையால் இடம் குறிக்கும் ஆயமுறையில் இருந்தது. அதன் அலகு டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரியே சுமார் 111 கிலோமீட்டர். ஏஜென்ட் 500 என்ற எண்ணை அப்படியே கொடுத்துவிட்டது. இணைப்பு மென்பொருளின் ஆவணத்திலோ 'தூரம்: எண்' என்று மட்டும்தான் இருக்கிறது. மனிதர் என்றால் திரையில் அலகைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்வார். ஏஜென்டுக்கு அந்த ஒரு வரி விளக்கம்தான் கண். அலகை அங்கே எழுதியே ஆக வேண்டும்.

அப்புறம், மீட்டரை அலகாகக் கொண்ட யுடிஎம் ஆயமுறைக்கு மாற்றிவிட்டு பஃபர் போடு என்றதும் சரியாக முடித்தது. ஒவ்வொரு படியிலும் ஏஜென்ட் கொடுத்த மதிப்புகளை இந்த மென்பொருள் பதிவுக் கோப்பில் எழுதிவைக்கிறது. பதிவுக் கோப்பில் எழுதிவைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தவறு எங்கே நுழைந்தது என்று இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தேன். அலகு விவரம் ஆவணத்தில் சேரும்வரை, முடிவை வரைபடத்தில் திறந்து பார்க்காமல் யாருக்கும் அனுப்பமாட்டேன்.