லிப்ரெஓபிஸ் ஐகான்கள்: பழகித் தேய்ந்த பிறகு ஒரு மதிப்பீடு

ஒரு மென்பொருளின் ஐகான்களை மாற்றினால் முதல் வாரத்தில் வரும் கருத்துகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பழையதே தேவலை என்று பாதிப் பேர் சொல்வார்கள். பளிச்சென்று இருக்கிறது என்று மீதிப் பேர் சொல்வார்கள். இரு தரப்பும் அப்போது ஐகான்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டூல்பார் ஐகானை யாரும் நாள் முழுக்க அப்படிப் பார்ப்பதில்லை. கண் எழுத்தின் மேல் இருக்கும், ஓரக்கண்ணால் இடம் பிடித்து ஒரு சொடுக்கு, உடனே மறுபடி எழுத்துக்கு. அந்த நிலைக்கு வந்த பிறகு எது கை கொடுக்கிறது, எது இடறுகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

லிப்ரெஓபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் எழுதுவதற்கான ரைட்டரும் விரிதாளுக்கான கால்க்கும் எனக்கு அன்றாட வேலைக் கருவிகள். கேலக்ஸி, டாங்கோ என்ற பழைய ஐகான் தொகுதிகளின் காலத்திலிருந்தே பழக்கம். 2018 ஆகஸ்டில் வந்த 6.1 பதிப்பில் விண்டோஸுக்கு கோலிப்ரே என்ற புதிய ஐகான் தொகுதி இயல்பானதாக ஆனது. மைக்ரோசாஃப்ட்டின் ஐகான் வடிவமைப்பு வழிகாட்டுதல்களை ஒட்டி வரையப்பட்டது அது. 2020 ஆகஸ்டில் 7.0 பதிப்போடு மேக் கணினிகளுக்குச் சுகாபுரா வந்தது. இவை தவிர பிரீஸ், எலிமென்டரி, சிஃபர், கராசா ஜகா என்று வேறு தொகுதிகளும் உண்டு. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸுக்குள் போனால் தொகுதியையும் அளவையும் மாற்றிக்கொள்ளலாம். ஒரே மென்பொருள், ஒரே கட்டளைகள், ஒரே வரிசை, படங்கள் மட்டும் வேறு. ஐகான் வடிவமைப்பை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைப்பது கடினம்.

முதலில் பழையதைப் பற்றி. டாங்கோ 2005இல் தொடங்கிய திட்டம். லினக்ஸ் உலகில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு திக்கில் போய்க்கொண்டிருந்தபோது, எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணத் தட்டு, ஒரே மாதிரி விளிம்புக்கோடு, ஒரே பெயரிடும் முறை என்று கொண்டுவர முயன்றது. அந்தக் காலத்துக்கு அது நல்ல வேலை. இன்று பார்த்தாலும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் அலுவலக மென்பொருளில் இருக்கும் ஐகான்கள் பத்து இருபது அல்ல. பல கைகள் பல ஆண்டுகளாக வரைந்து சேர்த்தவை. அச்சுப்பொறிக்கு நிழல், அதன் பக்கத்து ஐகானுக்கு நிழல் கிடையாது. ஒன்று நேர்ப்பார்வையில், இன்னொன்று சாய்ந்த கோணத்தில். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறையில்லை. வரிசையாக நிறுத்தினால் கண் எல்லாவற்றிலும் தட்டித் தட்டிப் போகும்.

கோலிப்ரே இதைச் சரிசெய்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. நிழல் போயிற்று, வண்ணச் சரிவு போயிற்று. மெல்லிய விளிம்புக்கோடு, தட்டையான நிறம். 16 பிக்சல் அளவில்தான் இதன் அருமை தெரியும். பதினாறுக்குப் பதினாறு என்றால் மொத்தம் 256 புள்ளிகள். அதற்குள் அச்சுப்பொறியும் வேண்டும், அதில் தாளும் வேண்டும், தாளுக்கு நிழலும் வேண்டும் என்றால் கடைசியில் ஒரு சாம்பல் திட்டுதான் மிஞ்சும். எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிப்பதுதான் இந்த அளவில் முக்கால்வாசி வேலை.

இன்னொரு சங்கதி, திரையின் பெருக்க அளவு. ஒரு பிக்சல் கோட்டை 200 சதவீதத்தில் காட்டினால் சரியாக இரண்டு பிக்சல் ஆகும், பிரச்சினையே இல்லை. 125 சதவீதத்தில் அது ஒன்றே கால் பிக்சல். கால் பிக்சலை எங்கே வரைவது? பக்கத்துப் புள்ளியில் அரைகுறை நிறமாகத் தெளித்துவிடும், கோடு மங்கிப்போகும். மடிக்கணினியில் “எழுத்து தெளிவாகத் தெரிகிறது, ஐகான் மட்டும் கலங்கலாக இருக்கிறது” என்று பலர் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். வெக்டராக, அதாவது எந்த அளவுக்கும் பெருக்கக்கூடிய கோட்டுப் படமாக, வரைந்துவிட்டால் போதும் என்பார்கள். வெக்டரிலும் கோடு பிக்சல் கட்டத்தின் மேல் சரியாக உட்காராவிட்டால் இதே மங்கல்தான். லிப்ரெஓபிஸில் சிறியது 16, பெரியது 24, மிகப் பெரியது 32 என்று மூன்று அளவுகள். நான் 24இல் நிலைத்துவிட்டேன். 16ஐ விட்டு வெளியே வந்ததே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்று சொன்னால் வடிவமைப்பாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, வரிசையாக நிறுத்தினால் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று பார்த்தோமே, அந்த ஒழுங்கு அளவுகோலில் வருவதில்லை. ஒரே அகலத்தில் ஒரு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், சதுரம் பெரியதாகத் தெரியும். கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டியில் 24 அலகுக் கட்டத்துக்குள் வட்டத்துக்கு 20 அலகு, சதுரத்துக்கு 18 அலகு என்று கொடுத்திருப்பது இதனால்தான். அளவில் வேறுபட்டால்தான் பார்வைக்குச் சமமாக இருக்கும். இந்தக் கணக்கைக் கவனிக்காமல் வரைந்த தொகுதிகளில் அட்டவணை ஐகான் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், தேடல் ஐகான் ஒடுங்கிப்போய் இருக்கும். இதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் கண் அங்கே போய்ப்போய் நிற்கும்.

இதுவரை பாராட்டு. இனி என் உண்மையான மனத்தாங்கல்.

ஐகான்களை ஒரே குடும்பம் மாதிரி ஆக்க ஆக, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது கடினமாகிறது. ஒரே சீருடையில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளையைத் தேடுவது போலத்தான். ஒற்றை நிறத்தில் வரையப்பட்ட சிஃபர் தொகுதியை விரும்பித்தான் போட்டேன். திரை அமைதியாகிவிட்டது, எழுத்து முன்னால் வந்தது, படம் எடுத்துக் காட்டினால் அவ்வளவு அழகு. ரைட்டரில் கட்டுரை எழுதும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஏனென்றால் எழுதும்போது நான் டூல்பாரை அதிகம் தொடுவதே இல்லை, எல்லாம் விசைப்பலகைதான். கால்க்குக்கு வந்தபோதுதான் வேகம் குறைந்தது. வரிசை மேலே சேர், வரிசை கீழே சேர், நெடுவரிசை இடப்பக்கம் சேர், வலப்பக்கம் சேர், நீக்கு, கலங்களை இணை, பிரி... எல்லாமே கட்டம் போட்ட சதுரங்கள். புதிதாக வரும் வரிசைக்கு ஒரு நிறம் இருந்தால் கண் அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். நிறத்தை எடுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் படத்தை வாசிக்க வேண்டியிருக்கிறது. ஐகானை வாசிக்கும் நிலை வந்துவிட்டால் அதற்குச் சொல்லையே எழுதியிருக்கலாமே!

தசம இடத்தைக் கூட்டுவது, குறைப்பது என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. கணக்கு வேலை செய்பவர்கள் எல்லோரும் இவற்றோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். இரண்டிலும் புள்ளியும் பூச்சியங்களும்தான், ஓரத்தில் உள்ள சின்னக் குறிதான் வித்தியாசம். எத்தனை ஆண்டு பழகினாலும் எனக்கு இவை படமாக மனதில் பதியவில்லை. முதலில் வருவது எது, அடுத்து வருவது எது என்று இடத்தை வைத்துத்தான் கை போகிறது. இதற்கு நேர்மாறு, பத்தியை இடம், நடு, வலம் என்று ஒழுங்குபடுத்தும் ஐகான்கள். நாலு கோடுகள், அவை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கின்றன என்பதே செய்தி. எந்தத் தொகுதியில் போட்டாலும், எந்த நிறத்தில் போட்டாலும், 16 பிக்சலிலும்கூட மாறிப்போகாது. காட்ட வேண்டிய விஷயமே ஒரு வடிவமாக இருந்தால் ஐகான் பிழைத்துக்கொள்ளும். அடிக்குறிப்புக்கும் இறுதிக்குறிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அளவில் யாரால் தெளிவாக வரைந்துவிட முடியும்? அது வரைபவரின் குறை இல்லை.

நிறத்தைப் பறித்த கதை லிப்ரெஓபிஸுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நிரல் எழுதுவதற்கான மைக்ரோசாஃப்ட்டின் விசுவல் ஸ்டூடியோ 2012இன் பீட்டா (சோதனை) பதிப்பு சாம்பல் ஐகான்களோடு வந்தது. நிரலர்கள் கொதித்துவிட்டார்கள். அடுத்து வந்த சோதனைப் பதிப்பிலேயே சில ஐகான்களுக்கு நிறம் திரும்பியது, 2013 பதிப்பில் இன்னும் கூடியது. 2018 ஏப்ரலில் வந்த ஜிம்ப் 2.10 என்ற படத்திருத்த மென்பொருள், இருண்ட தோற்றத்தோடு ஒற்றை நிறச் சின்ன ஐகான்களையும் இயல்பாக்கியது. அங்கே ஒரு நியாயம் உண்டு. புகைப்படத்தின் நிறத்தைத் திருத்திக்கொண்டிருப்பவருக்குப் பக்கத்தில் வானவில் போல ஒரு கருவிப்பெட்டி இருந்தால் கண்ணின் கணிப்பு தவறும். அந்த நியாயம் விரிதாளுக்கோ கடிதம் எழுதும் மென்பொருளுக்கோ பொருந்தாது. இருந்தும் எல்லோரும் அந்தப் பக்கமே சாய்ந்தது, என் பார்வையில், மோகம்தான். நல்ல வேளையாக ஜிம்ப் வண்ண ஐகான்களையும் அமைப்புகளில் விட்டுவைத்தது.

நிறத்தை மட்டும் நம்பிவிடவும் முடியாது. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள், வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம். ஒரே வடிவத்தைச் சேர்ப்பதற்குப் பச்சையிலும் நீக்குவதற்குச் சிவப்பிலும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் அவர்களுக்கு அந்த இரண்டும் ஒன்றுதான். கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் சேர்ந்தால்தான் சரி. அப்புறம் படத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு (கான்ட்ராஸ்ட்): 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல்தன்மை விதிமுறை, பொருள் புரிவதற்குத் தேவையான படப் பகுதிகளுக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது. இது இணையப் பக்கங்களுக்கென எழுதப்பட்டது என்றாலும் டூல்பாருக்கும் நல்ல அளவுகோல். மெல்லிய வெளிர்சாம்பல் கோட்டில் வரைந்த நவீன ஐகான்கள் பல இதில் தோற்றுப்போகும். அதிலும் செயலற்ற பொத்தானை மங்கலாகக் காட்டுவது வழக்கம் ஆயிற்றே. இயல்பான ஐகானே மங்கலாக இருந்தால் எது அழுத்தக்கூடியது, எது கூடாதது என்றே தெரியாது.

கோலிப்ரே இந்த விஷயத்தில் நடுவழியைப் பிடித்திருக்கிறது. கோடு அடர்த்தி, நிறம் அளவாக. சிஃபரிலிருந்து நான் அதற்கே திரும்பிவிட்டேன். சேமிக்கும் ஐகான் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம்: ஆவணத்தில் சேமிக்காத மாற்றம் இருந்தால் அதன் படம் மாறிவிடும், சேமித்ததும் பழையபடி ஆகிவிடும். அந்த மாற்றம் ஓரக்கண்ணுக்கே எட்டுகிறது. நெகிழ்வட்டின் படத்தை இன்னும் வைத்திருக்கலாமா என்று ஆளாளுக்கு விவாதிப்பார்கள். நெகிழ்வட்டைத் தொட்டே பார்க்காதவர்களும் அதைச் சரியாகத்தான் அழுத்துகிறார்கள், விடுங்கள்.

நீண்ட நாள் பயன்பாட்டில் நான் எதிர்பார்க்காத ஒன்று, இடத்துக்கு இருக்கும் வலிமை. தொகுதியை மாற்றிய மறுநாளே அடிக்கடி அழுத்தும் பத்துப் பன்னிரண்டு பொத்தான்களுக்குக் கை தானாகப் போய்விட்டது, படம் எவ்வளவு மாறியிருந்தாலும். ஆனால் சாளரத்தைக் குறுக்கி இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வலப்பக்க ஐகான்கள் இரட்டை அம்புக்குறிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இடம் பறிபோன அந்த நொடியில்தான் படம் நல்லதா கெட்டதா என்று தெரிகிறது. ஆக, நன்கு வரைய வேண்டியவை நாம் தினமும் தொடாத ஐகான்கள்தான். மறுவடிவமைப்பில் கவனமெல்லாம் வெட்டு, ஒட்டு, சேமிப்புக்கே போய்விடுகிறது. குறுக்குக் குறிப்பும் புத்தகக்குறியும் கடைசியில் அவசரமாக வரைந்தவை போலத் தெரிகின்றன.

இப்படி ஒன்றோடொன்று குழம்பிப்போகும் கட்டளைகளுக்கு நான் கண்ட வழி இது. டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதைத் திறந்து டூல்பார்ஸ் பக்கத்துக்குப் போய், எனக்கென்று ஒரு சின்ன டூல்பாரைப் புதிதாகச் சேர்த்தேன். தசம இடம் கூட்டு, குறை, வரிசை சேர்ப்பவை, இறுதிக்குறிப்பு என்று குழப்புகிறவற்றை மட்டும் அதில் போட்டேன். அங்கேயே அந்த டூல்பாருக்கு ஐகான் மட்டும், எழுத்து மட்டும், இரண்டும் என்று மூன்று தேர்வுகள் உண்டு. எழுத்து மட்டும் என்று வைத்துவிட்டேன். பெயர் நீளமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். “தசமம் +”, “தசமம் –” என்று வைத்துக்கொண்டது இடத்தையும் மிச்சப்படுத்தியது. கால்க்கில் கூடிய வேகத்தில் பெரும்பங்கு இதனால் வந்ததுதான், புது ஐகான்களால் அல்ல.

இருண்ட தோற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. கோலிப்ரே, பிரீஸ், சுகாபுரா போன்றவற்றுக்கு இருண்ட பின்னணிக்கென்று தனித் தொகுதி இருக்கிறது. நிறங்களை அப்படியே தலைகீழாக்கினால் போதாது. வெள்ளைத் தாளாக வரைந்தது கறுப்புத் தாளாகிவிடும், விளிம்புக்கோடு ஒளிர்ந்து தடித்துத் தெரியும். தனியாக வரைந்தால்தான் சரிப்படும். இருண்ட தோற்றத்தில் நீலக் கோடுகள் எனக்கு இன்னும் கொஞ்சம் அமுங்கித்தான் தெரிகின்றன. அதனால் பகலில் வெளிர் தோற்றம், இரவில் மட்டும் இருண்டது.

தொகுதியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு: டூல்பாரைத் திரைப்பிடிப்பு எடுத்து அதைச் சாம்பல் நிறமாக மாற்றுங்கள். ஒரு கை தூரம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, நீங்கள் எப்போதாவது மட்டும் அழுத்தும் ஐந்து கட்டளைகளைத் தேடுங்கள். மவுஸை மேலே வைத்துப் பெயர் பார்க்கக் கூடாது. குறைந்தது மூன்று கிடைக்காவிட்டால் அடுத்த தொகுதியைப் போட்டுப் பாருங்கள், அல்லது அளவை 32க்கு உயர்த்திவிட்டு இன்னொரு முறை தேடுங்கள்.