கைப்பேசிக் கட்டுப்பாட்டுச் செயலி: டோபமைன் கணக்கில் எவ்வளவு சரி?

மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனைக் குறைத்து மனத்தை ஒருமுகப்படுத்துவதாக விளம்பரம் செய்யும் இந்தச் செயலி, அறிவிப்புகளை உடனுக்குடன் காட்டாமல் தேக்கிவைத்து, நாம் குறித்த நேரத்தில் மொத்தமாகத் தருகிறது. சமூக ஊடகத்தைத் தொட்டால், அது திறப்பதற்கு முன் வெறும் சாம்பல் நிறத் திரை சில நொடிகள் நிற்கிறது. பல வேளைகளில் அந்த இடைவெளியிலேயே விரல் பின்வாங்கிவிடுகிறது.

அறிவிப்புகளைத் தேக்கிவைப்பது உதவுவதற்குக் காரணம் உண்டு. 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது கிளர்ந்த டோபமைன் நரம்பணுக்கள், பழகிய பின் அதை முன்னறிவிக்கும் விளக்கு எரிந்தவுடனேயே கிளர்ந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது அவற்றின் செயல்பாடு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. புதிய அறிவிப்பு வந்ததைக் காட்டும் கைப்பேசியின் சிவப்புப் புள்ளியும் அத்தகைய விளக்குதான். அதை மறைப்பதே இச்செயலியின் பலம்.

ஆனால் டோபமைன் குறையும் என்ற வாக்குறுதியை ஏற்க முடியாது. அசைவுக்கும் ஊக்கத்துக்கும் அது இன்றியமையாதது. அதைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயில் நடுக்கமும் உடல் விறைப்பும் வருகின்றன. இச்செயலி எதிர்பாராத வேளையில் பதக்கம் தந்து, தன்னையே மீண்டும் மீண்டும் திறக்கத் தூண்டுவதும் வருத்தமளிக்கிறது. அடுத்த பதிப்பில் அதை நீக்கினால், தயங்காமல் பரிந்துரைப்பேன்.