நம்பர் விழுவதற்கு முன் வண்டியைப் பகலில் பாருங்கள்: கிருஷ்ணகிரியில் நான் வாங்கிய ‘புதிய’ கார்

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பகுதிகளில் புதிய கார் எடுக்கவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு விலை கொடுத்து நான் வாங்கிய காரின் இடது பின்கதவு, என் கைக்கு வருவதற்கு முன்பே பட்டி (அடிபட்ட பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்து மறுபடியும் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. பானட்டிலும் மேற்கூரையிலும் எவ்வளவு துடைத்தாலும் போகாத புள்ளிகள் இருந்தன. இவற்றில் எதையும் ஷோரூம்காரர்கள் எனக்குச் சொல்லவில்லை. வண்டியைக் காட்டுங்கள் என்று கேட்டபோது காட்டவும் இல்லை. விவகாரம் இன்னும் முடியாததால் ஷோரூமின் பெயரையும் கார் நிறுவனத்தின் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். அக்கம்பக்கத்தில் விசாரித்த வரையில், இது ஏதோ ஒரு கடையில் மட்டும் நடக்கும் காரியமாகவும் தெரியவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முன் முன்பணம் கட்டினேன். மார்கழியில் வண்டி எடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பதால், தை மாதத்தில் டெலிவரி என்று பேசி முடித்தோம். வங்கிக் கடன் வந்து மீதித் தொகையையும் கட்டிய பிறகு, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பும் முன் வண்டியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டேன். “வண்டி இன்னும் கன்டெய்னர்லயே இருக்கு சார், இறங்கினதும் நானே கூப்பிடறேன்” என்றார். அடுத்து அவர் கூப்பிட்டது, “நம்பர் விழுந்துடுச்சு சார், வாழ்த்துகள்” என்று சொல்வதற்காகத்தான். டிஎன் 24 வரிசையில் என் பெயரில் பதிவாகிவிட்ட ஒரு காரை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

பார்ப்பதற்கு முன்பே பதிவு என்று முறையை மாற்றியதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம்பர் விழும் வரை அந்த வண்டி ஷோரூமின் சரக்கு. குறை இருக்கிறது, வேறு வண்டி ஒதுக்குங்கள் என்று நீங்கள் சொன்னால் அவர்கள் வேறொரு சேசிஸ் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) ஒதுக்கிவிட்டுப் போகலாம். நம்பர் விழுந்த பிறகு ஆர்சி புத்தகத்தில் முதல் உரிமையாளர் நீங்கள். ஆயுள் வரி கட்டியாயிற்று, அதுவும் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 சதவீதம். காப்பீடும் உங்கள் பெயரில் ஓடத் தொடங்கிவிட்டது. இனி அந்த வண்டியைத் திரும்ப எடுத்தால் அவர்களால் அதைப் பழைய வண்டியாகத்தான் விற்க முடியும். ஆகவே அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து வரும் எந்தப் புகாருக்கும் “சரி பண்ணித் தர்றோம்” என்பதற்கு மேல் ஒரு பதில் கிடைக்காது.

டெலிவரிக்கு மாலை ஆறு மணிக்கு மேல் நல்ல நேரம் என்று அவர்களே குறித்துக் கொடுத்தார்கள். போனபோது வண்டி கழுவப்பட்டு, ஈரம் முழுதும் காயாமல், மஞ்சள் விளக்குகளுக்குக் கீழே துணி போர்த்தி நின்றது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். வெளியே கொண்டுபோய்க் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, நல்ல நேரம் முடியப் போகிறது என்று சொல்லி, “வாகனத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சிட்ட தாளை நீட்டினார்கள். அந்த வரிக்குக் கீழே, “இரவு விளக்கில் பெற்றுக்கொள்கிறேன், பகலில் பார்த்த பின் தெரியவரும் குறைகளைத் தெரிவிப்பேன்” என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாளைப் போனில் படமும் எடுத்துக்கொண்டேன். பிரதிநிதி சிரித்தார். இன்று என்னிடம் இருக்கும் ஆவணங்களிலேயே வலுவானது அந்தப் படம்தான் என்று என் வழக்கறிஞர் சொல்கிறார்.

மறுநாள் காலை பூஜைக்காக அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போனோம். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுச் சற்றுத் தள்ளி நின்ற என் மனைவிதான், “பின்னாடி கதவு மட்டும் ஏங்க கொஞ்சம் கருத்த மாதிரி இருக்கு?” என்று கேட்டார். நேராக நின்று பார்த்தால் தெரியவில்லை. பின்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் முன்கதவு வெள்ளியாகவும் பின்கதவு ஈயப் பாத்திரத்தின் நிறத்திலும் தெரிந்தன. உலோகத் துகள் கலந்த மெட்டாலிக் நிறங்களில் இது பிடிபடுவது இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதே குறியீட்டு எண் கொண்ட பெயின்டை அடித்தாலும், பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியின் காற்றழுத்தமும் அடிக்கும் தூரமும் மாறினால் துகள்கள் படியும் சாய்வு மாறி, ஒரு கோணத்தில் ஒத்துப்போகும் நிறம் மறு கோணத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

கதவைத் திறந்து பார்த்தேன். பின்கதவின் விளிம்பில், குழந்தைப் பூட்டை எப்படிப் போடுவது என்று படம் போட்டு ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அதன் ஒரு ஓரத்தில் மெல்லிய வெள்ளித் தூசி படிந்திருந்தது. ஸ்டிக்கர் ஒட்டுவது பெயின்ட் வேலை முடிந்த பிறகு. ஸ்டிக்கரின் மேல் பெயின்ட் இருந்தால், அது தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கறுப்பு ரப்பர் பீடிங்கை நகத்தால் லேசாக ஒதுக்கியபோது, மறைப்புக்கு டேப் ஒட்டி எடுத்த இடத்தில் ஒரு கோடு, விரல் நுனியில் படும் அளவுக்கு மேடாக இருந்தது. கீல் போல்ட்டுகளில் இரண்டின் முனைகளில் ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உடைந்திருந்தது. மற்ற மூன்று கதவுகளின் போல்ட்டுகளில் அப்படி ஒரு கீறலும் இல்லை.

காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த டிங்கரிங் பட்டறைக்காரர் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “பட்டி வெச்சிருக்காங்கண்ணா” என்று ஒரே வார்த்தையில் முடித்தார். ஆனால் அவருடைய கைத்தடவலை எந்த அலுவலகமும் ஆதாரமாக ஏற்காது என்பதால், ஓசூரில் பழைய கார் வாங்கி விற்கும் நண்பரிடம் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருப்பதறிந்து அங்கே கொண்டுபோனேன். தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களின் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டர் என்பது 1,000 மைக்ரான். என் காரின் மற்ற பாகங்கள் எல்லாம் 100க்கும் 120க்கும் இடையில் நின்றன. பின்கதவின் மேற்பகுதி 280, கைப்பிடிக்குக் கீழே 340, அடிப்பகுதியில் ஓரிடத்தில் 600க்கு மேல். அவ்வளவு தடிமன் வெறும் பெயின்டால் வராது, உள்ளே பட்டி இருக்கிறது. ஒவ்வொரு அளவையும் கருவியின் திரையோடும் கதவோடும் சேர்த்துப் படமெடுத்து, அவருடைய கடையின் தாளில் எழுதி வாங்கினேன்.

லாரியில் ஏற்றி இறக்கும்போது ஒரு கதவு அடிபடுவது உலக அதிசயமில்லை, சரிசெய்துதானே கொடுத்திருக்கிறார்கள் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தொழிற்சாலையில் வெற்றுக் கூண்டாக இருக்கும்போதே பெயின்ட் அடித்து, ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் சுட்டு இறுக்குகிறார்கள். கம்பியும் பிளாஸ்டிக்கும் பொருத்திய முழு வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால் பட்டறைகளில் 60, 70 டிகிரிக்கு மேல் போவதில்லை, அதற்கென்றே வேறு வகைப் பெயின்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். நன்றாகச் செய்தால் அதுவும் உழைக்கும்; மறுக்கவில்லை. ஆனால் நான்கு வருடம் கழித்து இந்தக் காரை விற்கப் போனால், வாங்குபவர் இதே கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, “வண்டி இடிபட்டிருக்கு” என்று விலையைக் குறைப்பார். அப்போது நான் எந்த விபத்தும் நடக்கவில்லை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். அந்த நஷ்டத்தைச் சொல்லாமல் என் தலையில் கட்டியதுதான் என் குற்றச்சாட்டு. கதவு அடிபட்டது, சரிசெய்திருக்கிறோம், இவ்வளவு தள்ளுபடி தருகிறோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பேன்.

புள்ளிகளின் கதை வேறு. ஷோரூம்காரர்கள் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டு ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பை ஒட்டி இருக்கிறது. பானட்டில் இருந்த புள்ளிகளைப் பார்த்ததும், பத்து ஏக்கர் மா வைத்திருக்கும் என் சித்தப்பா, “இது தத்துப்பூச்சி தேனுடா” என்றார். மா பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் பூங்கொத்துகளில் சாறு உறிஞ்சி, பிசுபிசுப்பான ஒரு கழிவைச் சொட்டவிடும். இலைகளில் கரும்பூசணம் படர்வது அதன் மேல்தான். வண்டியின் மேல் விழுந்து, கழுவாமல் வெயிலில் காய்ந்துகொண்டே இருந்தால் அது மேற்பூச்சான கிளியர் கோட்டில் பதிந்துவிடுகிறது. ஒரு நாள் யார்டுக்கே போய், வாசலில் இருந்த காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். “அந்த சில்வர் வண்டியா? மார்கழி பூரா இங்க மரத்தடியிலதானே நின்னுது” என்றார், கள்ளமில்லாமல். என்னிடம் சொன்ன கணக்குப்படி, வண்டி கன்டெய்னரில் இருந்த காலம் அது. கதவைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

ஷோரூம் மேலாளர் முதலில் “ஃபேக்டரி பெயின்ட்தான் சார்” என்றார். அளவுகளைக் காட்டியதும், ஃபேக்டரியிலேயே திரும்ப அடித்திருப்பார்கள் என்றார். பிறகு, முதல் சர்வீசுக்கு வரும்போது ரப்பிங், பாலிஷ் போட்டு, இலவசமாக செராமிக் கோட்டிங்கும் செய்து தருகிறோம் என்று இறங்கி வந்தார். இதை ஏற்காதீர்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். கிளியர் கோட் என்பது 40, 50 மைக்ரான் அளவுள்ள படலம். ரப்பிங் என்றால் அதிலிருந்து கொஞ்சம் தேய்த்து எடுப்பது என்று பொருள். பட்டி வைத்த கதவுக்கு அது எந்த விதத்திலும் மருந்தாகாது. தவிர, முதல் சர்வீசுக்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும் வண்டியில், அந்தக் குறை உங்களிடம் வந்த பிறகு ஏற்பட்டதா முன்பே இருந்ததா என்ற கேள்வியை அவர்களே கிளப்புவார்கள்.

கார் நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்கு, டீலரிடம் பேசிக்கொள்ளவும் என்று பதில் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது: பழைய ஆண்டு வண்டியைப் புதியதென்று ஒரு டீலர் விற்ற வழக்கில், டீலர் செய்ததற்கு நிறுவனத்துக்கும் பங்குண்டு என்று காட்டாத நிலையில் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் கூறியிருக்கிறது. அதேபோல், குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ முடியும் என்ற நிலையில் முழுக் காரையும் மாற்றித் தரும்படி உத்தரவிட முடியாது என்று 2006இல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. எனவே புதுக் கார் கொடு என்று மட்டும் கேட்டு மனுப் போட்டால் காலம்தான் விரயமாகும் என்பது வழக்கறிஞரின் கருத்து. எங்களுக்குக் கைகொடுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்: செப்பனிடப்பட்ட பொருளைப் புதியது என்று தவறாகக் காட்டி விற்பதை அதன் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். 5 முதல் 10 லட்சம் வரைக்கான கட்டணம் 200 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவைப்பது நல்லது.

இனி வண்டி எடுப்பவர்கள், பணம் முழுதும் கட்டும் முன்பே, சேசிஸ் எண்ணை எழுத்தில் வாங்கி, “இந்த வண்டியை நான் பகலில் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அனுப்பவும்” என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். யார்டில், காய்ந்த வண்டியை, வெயிலில், சாய்வான கோணத்திலிருந்து பாருங்கள். கதவு, பானட், டிக்கி போல்ட்டுகளையும் ரப்பரின் உள்பக்கத்தையும் கதவோர ஸ்டிக்கர்களையும் விடாதீர்கள். தடிமன் கருவியைக் கடனாகவாவது வாங்கிக்கொண்டு போங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அந்தக் கருவி அங்கே அளவு காட்டாது, பம்பரின் நிறம் உடலிலிருந்து ஒரு நூல் மாறித் தெரிவதும் பல புதிய கார்களில் இயல்பானதுதான், அதற்காகச் சண்டை போட வேண்டாம். துடைத்த துணி ஏற்படுத்திய மயிரிழைக் கோடுகளுக்காக வண்டியையே மறுப்பதும் என் பார்வையில் அதிகப்படி. பாகம் மறுபெயின்ட் ஆகியிருந்தால் மட்டும் வேறு சேசிஸ் எண் கேளுங்கள். உற்பத்தியான மாதமும் ஆண்டும் படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றிதழில் இருக்கும். மார்கழிக்கு முன் வந்த சரக்கைத் தையில் எடுப்பவர்கள், இடையில் ஆண்டு மாறிவிடுவதால், அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

என் விஷயத்தில் வழக்கறிஞர் அறிவிப்பு போன பிறகு, இரண்டு வருடக் கூடுதல் வாரண்டி தருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஷோரூமிலிருந்து ஆள் வந்தது. கதவில் பட்டி இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம் என்றேன். அதற்குத் தயாராக இல்லை. மனு தயாராகிவிட்டது. கதவைப் புதிதாக மாற்றித் தருவது, காரின் மதிப்புக் குறைவுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தருவது, யார்டுக்கு வண்டிகள் வந்த தேதிகளைக் காட்டும் பதிவேட்டையும் பட்டறையின் வேலைச் சீட்டுகளையும் ஆணையத்தின் முன் கொண்டுவருவது ஆகிய மூன்றையும் கேட்டிருக்கிறோம். வேலைச் சீட்டில் என் சேசிஸ் எண் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.