குளிரா, சூடா? மூலிகைகளில் மருந்துச் சேர்மத்தைக் கூட்டும் இரண்டு வழிகள்

மூலிகைச் செடியில் மருந்துச் சேர்மத்தைக் கூட்ட வெப்பநிலையை நம்புபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அறுவடைக்கு முன் செடியைக் கொஞ்ச காலம் குளிரில் வைப்பது ஒன்று. வழக்கத்தைவிடச் சூடான சூழலில் வளர்ப்பது இன்னொன்று. செடிக்கு இரண்டுமே நெருக்கடிதான், ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு.

குளிர் பட்டதும் செல் சவ்வு இறுகுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. ஐசிஇ1 என்ற புரதம் சிபிஎஃப் மரபணுக்களை இயக்க, குளிரைத் தாங்க உதவும் மரபணுக்கள் வரிசையாக விழிக்கின்றன. கடும் சூட்டில் புரதங்கள் உருக்குலைகின்றன. அவற்றைக் காப்பாற்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உருவாகின்றன. மிதமான சூட்டுக்கு வழி வேறு: ஒளியை உணரும் பைட்டோகுரோம் பி, வெப்பத்தையும் உணர்கிறது என்று 2016இல் தெரியவந்தது. சூடு ஏற ஏற அது செயலிழக்கிறது, அது அடக்கிவைத்திருந்த, வளர்ச்சியைத் தூண்டும் பிஐஎஃப்4 என்ற புரதம் கட்டவிழ்கிறது, தண்டு நீள்கிறது.

குளிருக்குச் சாதகமான வலுவான சான்று ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற மூலிகை. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் இதன் இலையில் உள்ள சுரப்பி மயிர்களில் உருவாகிறது. இந்த மருந்தைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் செடியைக் குளிர்வித்தால் அதனுள் ஜாஸ்மோனேட் ஹார்மோன் கூடுகிறது. அதைத் தொடர்ந்து ஆர்ட்டிமிசினின் உருவாக உதவும் ஏடிஎஸ், சிஒய்பி71ஏவி1 போன்ற மரபணுக்களின் வெளிப்பாடு (செயல்பாட்டு அளவு) உயர்கிறது, ஆர்ட்டிமிசினினும் ஏறுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசிப் படிதான். டைஹைட்ரோ ஆர்ட்டிமிசினிக் அமிலம் ஆர்ட்டிமிசினினாக மாறும் அந்தப் படிக்கு நொதியே தேவையில்லை, ஒளியும் ஆக்சிஜனும் போதும் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அப்படியென்றால் மரபணு வெளிப்பாட்டை மட்டும் அளந்துவிட்டு "உற்பத்தி கூடிவிட்டது" என்று சொல்ல முடியாது. சேர்மத்தையும் அளந்தே ஆக வேண்டும்.

அமுக்கிராவின் இலையிலும் குளிரில் அதன் மருந்துச் சேர்மங்களான வித்தனோலைடுகள் கூடுகின்றன. ஆனால் மருந்துக்குப் பெரும்பாலும் வேர்தான் போகிறது. இலையில் கண்ட உயர்வை வேருக்கும் சேர்த்து எழுதிவிடக் கூடாது.

சரி, சூடு என்ன செய்கிறது? ஹைப்பெரிக்கம் பெர்ஃபொராட்டம் என்ற மூலிகைச் செடியை 35 டிகிரி செல்சியஸில் வைத்தபோது அதன் மருந்துச் சேர்மங்களான ஹைப்பெரிசினும் ஹைப்பர்ஃபோரினும் கூடின, ஒளிச்சேர்க்கை குறைந்தது. அமெரிக்க ஜின்செங்கை 5 டிகிரி கூடுதல் வெப்பத்தில் வளர்த்தபோது வேரில் ஜின்செனோசைடு என்ற மருந்துச் சேர்மத்தின் செறிவு உயர்ந்தது, ஆனால் செடியின் எடை இறங்கியது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 10 கிராம் வேரில் 4 சதவீதம் என்றால் 400 மில்லிகிராம். சூட்டில் செறிவு 5 சதவீதமாகி, வேர் 6 கிராமாகச் சுருங்கினால் கிடைப்பது 300 மில்லிகிராம்தான். ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற வரைபடம் மேலே ஏறுகிறது, ஒரு செடிக்கு எவ்வளவு என்பதோ கீழே இறங்குகிறது. இரண்டாவது எண்ணைத் தராத ஆய்வை வைத்து ஒரு முறையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

குளிரின் உண்மையான அனுகூலம் இதில்தான் இருக்கிறது. அதை வளர்ச்சி முடிந்த பிறகு, அறுவடையை ஒட்டிச் சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ கொடுத்தால் போதும். எடையில் பெரிய இழப்பு வராது. வாரக்கணக்கில் நீடிக்கும் சூடு ஒளிச்சேர்க்கையை அரித்துக்கொண்டே போகும். ஆகவே இலையை அறுவடை செய்யும் டெர்பீன் வகை (ஆர்ட்டிமிசினின் சேர்ந்த சேர்மக் குடும்பம்) மூலிகைகளுக்கு, குறிப்பாக ஆர்ட்டிமிசியாவுக்கு, நான் குளிரையே தேர்ந்தெடுப்பேன். சூட்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் அதையும் கடைசி நாட்களுக்கு ஒதுக்குவது நல்லது.

சோதனை செய்பவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும். மரபணுவின் ஆர்என்ஏ சில மணி நேரத்திலேயே உச்சத்தைத் தொடலாம், சேர்மம் சேர நாட்கள் ஆகலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்தால் தொடர்பே இல்லாததுபோலத் தோன்றும். செடிக்கு நாளின் வேளையைப் பொறுத்து இயங்கும் உள்கடிகாரமும் இருப்பதால் மாதிரிகளை நாளின் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். அப்புறம், மாறாதவை என்று நம்பி ஒப்பீட்டுக்கு வைக்கும் ஆக்டின் போன்ற மரபணுக்களின் வெளிப்பாடும் வெப்பநிலையோடு மாறக்கூடும். அவற்றை முதலில் சரிபார்க்காவிட்டால் முழு முடிவும் தவறிப்போகும்.

குளிர்தான் சிறந்தது என்று பொதுவிதி எழுதவும் முடியாது. புற்றுநோய் மருந்துகளான வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் நித்தியகல்யாணியிலிருந்து வருகின்றன. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியைக் குளிர்வித்தால், இந்த ஆல்கலாய்டுகளை உருவாக்கும் பாதையின் மரபணுக்கள் அடங்குகின்றன, அந்த மருந்துகளுக்கு மூலப்பொருளான வின்டோலின் குறைகிறது. ஆர்ட்டிமிசியாவில் பலித்த அதே முறை இங்கே நேர் எதிராக வேலை செய்கிறது. இதற்குக் குளிரும் வேண்டாம், நீடித்த சூடும் வேண்டாம். மிதமான வெப்பத்தில் வளரவிட்டு, ஜாஸ்மோனேட் ஹார்மோனின் ஒரு வடிவமான மெத்தில் ஜாஸ்மோனேட்டை அளவாகக் கொடுத்துப் பார்ப்பதே மேல். இந்தச் செடியில் அந்த ஆல்கலாய்டு பாதையை இயக்கும் ஓஆர்சிஏ3 என்ற சீராக்கி மரபணுவை அது எம்ஒய்சி2 என்ற புரதத்தின் வழியாகத் தூண்டுகிறது.